எப்சிபா சொன்ன தேதி

எப்சிபாவுக்கு ஒர்க்‌ஷாப்பில் முக்கியமான வேலை போன் எடுப்பது. சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அவளும் கணவர் தாவீதும் இருபத்திரண்டு வருடமாக அந்த ஒர்க்‌ஷாப்பை நடத்துகிறார்கள். போர்வெல்லில் இறக்கிய மோட்டார் எரிந்துபோனால், மேலே தூக்கி இந்த மாதிரிக் கடைகளுக்குத்தான் கொண்டுவருவார்கள். கருகிய கம்பியை உருவி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஓட்டிப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். கம்பி சுற்றுவது தாவீது. மோட்டாரை வாங்கி வைப்பது, பெயர் எழுதிக் கட்டுவது, எப்போது கிடைக்கும் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் எப்சிபா.

கடையின் பெயர் இம்மானுவேல் மோட்டார் ஒர்க்ஸ். இம்மானுவேல் என்றால் கடவுள் நம்மோடு இருக்கிறார் என்று பொருள். கிறிஸ்துவுக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று. வருகிற விவசாயிகளில் பாதிப் பேர் அது முதலாளியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு தாவீதை ‘இம்மானுவேல் அண்ணா’ என்றும் அவளை ‘இம்மானுவேல் அக்கா’ என்றும் கூப்பிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள் ‘சாமி பேர் வெச்ச கடை’ என்றார்கள். இருவரும் எதையும் திருத்தியதில்லை.

இந்தத் தொழிலில் யாரும் உண்மையான தேதியைச் சொல்வதில்லை. கடை தொடங்கிய வருடத்தில் எப்சிபா ஒருவரிடம் “நாலு நாளாகுமுங்க” என்று சொல்லப்போக, அவர் மோட்டாரை மறுபடியும் வண்டியில் ஏற்றி அடுத்த கடைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே நாளைக்கே தருவதாகச் சொல்லி, ஆறு நாள் கழித்துத் தந்தார்கள். அந்த ஆறு நாளும் அவர் அந்தக் கடையைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஆனால் வேலை அந்தக் கடைக்குத்தான் போயிற்று. எப்சிபா கற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “நாளைக்கு ரெடி ஆயிருமுங்க.”

கூடவே ஒரு சொல் சேர்ந்துகொண்டது. சபையில் யாரை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் “கர்த்தர் கிருபையில நல்லாயிருக்கோம்” என்பார்கள். அந்தப் பழக்கத்தில் போனிலும் “கர்த்தர் கிருபையில நாளைக்கு ரெடிங்க” என்று வரத் தொடங்கியது. யோசித்துச் சேர்த்தது அல்ல. ஆனால் அதைச் சொன்னால் கத்திக்கொண்டிருப்பவரும் குரலைத் தணிப்பார் என்பதை அவள் கவனித்திருந்தாள். கவனித்த பிறகு விடவில்லை.

மற்றபடி அவள் மேல் யாரும் குறை சொல்ல முடியாது. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அப்போது ஏழு வருடமாகச் செயலாளர். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தைத் தவறவிட மாட்டாள். ஒரே மகள் வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். போனில் சொல்வது பொய் என்று எப்சிபாவுக்குத் தோன்றியதே இல்லை. அது வியாபாரப் பேச்சு. கேட்கிறவர்களுக்கும் தெரிந்ததுதான் என்று நினைத்தாள்.

பாலுசாமிக்கு அது தெரிந்திருக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரைக் கடைசி. பாலுசாமி சுல்தான்பேட்டைப் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எரிந்த மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கினார். கொட்டகையில் நாலாயிரம் கோழிகள். இன்னும் நாலைந்து நாளில் கம்பெனி வண்டி வந்து பிடித்துக்கொண்டு போய்விடும். அந்த வெயிலில் கூரை மேலும் உள்ளேயும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால்தான் கோழி தாங்கும்.

“நாளைக்குக் கெடைச்சிருமுங்களா அம்மணி?”

“கர்த்தர் கிருபையில நாளைக்குப் பொழுதோட ரெடிங்க.”

புதன்கிழமை மாலை அவர் போன் செய்தபோது, வியாழக்கிழமை காலை பத்து மணி என்றாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு மறுபடியும் போன் வந்தது.

“தொட்டியில ஓடிட்டு இருக்குதுங்க. டெஸ்ட் பண்றாங்க. கர்த்தர் கிருபையில பன்னண்டு மணிக்கு வண்டியில ஏத்திரலாமுங்க.”

அவள் அதைச் சொன்னபோது மோட்டார் சுவரோரமாகக் கிடந்தது. தாவீது அதைப் பிரிக்கவே இல்லை. முன்னால் வந்த இரண்டு மோட்டார்களை முடிப்பதற்கே அவருக்கு நேரம் போதவில்லை. பன்னிரண்டு மணிக்குப் பிறகு பாலுசாமி மூன்று முறை அழைத்தார். எப்சிபா போனை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பாலுசாமியே வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு துண்டு. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. தாவீது கையைத் துடைத்துக்கொண்டே உள்ளிருந்து வந்தார்.

“வாங்க வாங்க. இப்பத்தானுங்க முடிச்சேன். நேத்து ராத்திரி பிரிச்சு, விடிய விடிய ஒக்காந்து கம்பி சுத்தியிருக்கறேன் உங்களுக்கோசரம்.”

தான் பட்ட பாட்டைச் சொல்வதாகத்தான் தாவீது நினைத்தார். பாலுசாமி திரும்பி எப்சிபாவைப் பார்த்தார்.

“நேத்துப் பத்து மணிக்குத் தொட்டியில ஓடுதுன்னு சொன்னீங்களே அம்மணி?”

எப்சிபா மேசை மேல் கிடந்த போனைப் பார்த்தாள்.

“பக்கத்துத் தோட்டத்துல இருந்து டேங்கர்ல தண்ணி கொண்டாந்துட்டு இருந்தேனுங்க. டிரைவரு வாசல்ல நின்னுட்டு இன்னும் ரெண்டு நடை வேணுமான்னு கேட்டான். மோட்டாரு தொட்டியில இருக்குது, ஒரு மணிக்கெல்லாம் வந்துரும், நீ போப்பான்னு தாட்டி உட்டுப்போட்டேன். அவன் வேற வேலைக்குப் போய்ட்டான். ரெண்டு மணிக்குத் தண்ணி தீந்துபோச்சுங்க. நாலு மணிக்குள்ள ஆயரத்தி நூறு கோழி உழுந்துபோச்சு.”

தாவீது அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“முடியாதுன்னு சொல்லியிருந்தா நா வேற வழி பாத்திருப்பேனுங்க. எல்லாரும் நாளைக்கு நாளைக்குன்னு சொல்றவிங்கதான், அது எனக்கும் தெரியும். ஆனா நீங்க உங்க சாமி பேரச் சொல்லிச் சொன்னீங்க. அதைச் சொல்லிப்போட்டு ஆரும் பொய் சொல்ல மாட்டாங்கன்னு நா நம்பிப்போட்டேன்.”

அவர் நஷ்டஈடு கேட்கவில்லை. கூலி வேண்டாம் என்று எப்சிபா சொன்னபோது காதில் வாங்காமல் பணத்தை மேசை மேல் வைத்தார். மோட்டாரை வண்டியில் ஏற்றியதும் ஒரு தடவை திரும்பி வந்தார்.

“இனிமே ஆருகிட்டயாச்சும் இப்படிச் சொல்றதுன்னா, உங்க சாமியச் சேத்தாதீங்க அம்மணி. பாவமுங்க.”

யார் பாவம், சாமியா, நம்புகிறவர்களா, அவளா என்று அவர் விளக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எப்சிபா வழக்கம்போல் ஆராதனைக்குப் போனாள். கடவுளின் பெயர் பரிசுத்தமாக விளங்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும் இடம் வந்ததும் அவள் வாய் நின்றுவிட்டது. சிறுவயதிலிருந்து ஆயிரக்கணக்கான முறை சொன்ன வரிதான். அந்த வரி எங்கோ மேலே, பரலோகத்தில் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றியது, தன் போன் பேச்சைப் பற்றியது அல்ல என்றுதான் இதுவரை எண்ணியிருந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அவள் மீதியைச் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, உடம்புக்குச் சரியில்லையா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மறுநாள் தாவீதிடம் சொல்லிவிட்டு, சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் பல்லடம் பஸ் ஏறி, நடுவில் இறங்கி இன்னொரு பஸ் மாறி, விசாரித்துக்கொண்டே பாலுசாமியின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். பாலுசாமி வீட்டில் இல்லை. அவர் மனைவி நாச்சியம்மாள் கொட்டகை வாசலில் சுண்ணாம்பு தெளித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு கோழியும் இல்லை. மிச்சத்தைக் கம்பெனிக்காரர்கள் முன்கூட்டியே பிடித்துப் போயிருந்தார்கள்.

“நா இம்மானுவேல் ஒர்க்‌ஷாப்பில இருந்து வாரேனுங்க.”

நாச்சியம்மாள் வாளியைக் கீழே வைத்தார். “மோட்டாரு நல்லா ஓடுதுங்க. அதுல ஒண்ணும் குத்தம் இல்ல.”

“அதுக்கு வரலீங்க. அன்னைக்கு நா உங்க ஊட்டுக்காரர்கிட்டப் பொய் சொன்னேனுங்க. அதைச் சொல்லறதுக்குத்தான் வந்தேன்.”

“அது எங்களுக்குத் தெரியுமே.”

எப்சிபா பஸ்ஸில் வரும்போது நிறைய யோசித்து வைத்திருந்தாள். அந்த ஒரு பதிலில் எல்லாம் தீர்ந்துபோயிற்று.

“மன்னிச்சுக்கோணுமுங்க.”

“கோழி செத்தது வெய்யிலுக்குங்க. அதுக்கு உங்களச் சொல்லி என்ன ஆகப்போகுது. ஆனா டேங்கரத் தாட்டி உட்டது நாந்தானே, நாந்தானேன்னு அவரு ரெண்டு நாளாச் சோறு திங்கல. அது வெய்யிலுக்கு இல்லீங்க.” நாச்சியம்மாள் உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். “குடிச்சுட்டுப் போங்க. பஸ்ஸு நாலரைக்கு. அதை உட்டா ஆறு மணிக்குத்தான்.”

எப்சிபா தண்ணீரைக் குடித்தாள். மன்னித்தேன் என்று நாச்சியம்மாள் சொல்லவில்லை. பாலுசாமி அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் தாவீதிடம், அன்று மேசையில் இருந்த மோட்டாரைக் காட்டி, “இது எப்பங்க முடியும்?” என்று கேட்டாள்.

“நாளைக்கு.”

“எனக்குச் சொல்லுங்க. கஸ்டமருக்கு இல்ல.”

தாவீது யோசித்தார். அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருடமாக அவரும் அவளிடம் நாளைக்கு என்றுதான் சொல்லிவந்திருந்தார். எப்சிபா ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரிக்க எவ்வளவு நேரம், பழைய கம்பியை உருவ எவ்வளவு, சுற்ற எவ்வளவு, கரண்ட் போனால் எவ்வளவு வீண் என்று ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். தாவீதுக்கு எரிச்சல். இரண்டாவது நாள், “ஒண்ணுக்குப் போனாலும் எழுதுவியா?” என்று கேட்டார். அவள் அதையும் எழுதியிருந்தாள். வாரக் கடைசியில் கணக்குத் தெளிவாக இருந்தது: ஒரு மோட்டாருக்கு ஒன்றரை நாள். ஆறு மோட்டார் காத்திருந்தால் ஏழாவதாக வருவது பத்து நாள் கழித்துத்தான். இதுவரை அந்த ஏழாவது ஆளிடமும் நாளைக்கு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கள்கிழமை முதல் போனில் உண்மையான நாளைச் சொன்னாள். கர்த்தர் கிருபையைச் சேர்க்கவில்லை. பாலுசாமி சொன்னதற்காக மட்டும் அல்ல. அதைச் சேர்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“ஒம்போது நாளாங்க? போன தடவை ஒரே நாள்ல தாரேன்னீங்க?” என்று பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கேட்டார்.

“சொன்னேனுங்க. தரலீங்களே.”

“அதானுங்க… எட்டு நாளாச்சு. சரி, அப்பப் போன தடவை மாதிரியே ஒரு நாள்னு சொல்லுங்க, நா கொண்டாரேன்.”

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் சொல்லவில்லை. அவர் மோட்டாரைக் கொண்டுவரவும் இல்லை.

இப்படியே ஒவ்வொருவராகப் போனார்கள். அவர்களில் பலர் போனது அடுத்த தெருவில் இருந்த சிக்கந்தர் கடைக்கு. சிக்கந்தர் நல்ல வேலைக்காரர். உக்கடத்தில் தன் மாமாவிடம் தொழில் பழகி, இந்தப் பக்கம் வந்து கடை போட்டவர். இரண்டு மாதத்தில் இம்மானுவேல் மோட்டார் ஒர்க்ஸின் வேலை பாதியாகக் குறைந்தது. ஆடி மாதம் ஒரு நாள் சிக்கந்தரே நேரில் வந்தார்.

“ஏனுங்க்கா, என்னதான் பண்றீங்க? உங்க ஆளுங்க அத்தன பேரும் எங்கிட்ட வந்து உழுகறாங்க. எனக்குத் தூங்க நேரம் இல்ல. தயவுபண்ணி நீங்களும் நாளைக்குன்னே சொல்லுங்க.”

“நீங்க என்னன்னு சொல்றீங்க தம்பி?”

“நானா? இன்ஷா அல்லாஹ் நாளைக்குன்னு.” அல்லாஹ் நாடினால் என்று பொருள்படும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, எப்சிபா கொடுத்த டீயை அவர் கீழே வைத்தார். “எங்க பள்ளிவாசல் ஹஸ்ரத்து சொல்லுவாருங்க்கா, செய்யற நெனப்பு இல்லாம அந்த வார்த்தையச் சொல்லக்கூடாதுன்னு. சொல்லிட்டுத்தான் இருக்கறேன்.”

எப்சிபா பாலுசாமியின் கதையை அவரிடம் சொன்னாள். சிக்கந்தர் கேட்டுவிட்டு, மீதி டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் வழக்கத்தை மாற்றிக்கொண்டாரா என்று எப்சிபா விசாரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தன்னால் சீக்கிரம் முடித்துத் தர முடியாதவர்களை, எப்போது முடியும் என்று சிக்கந்தரிடம் கேட்ட பிறகே அவரிடம் அனுப்பினாள். அவரும் அப்படியே செய்தார்.

தாவீது அதை ரசிக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம், தட்டில் கை வைத்தபடியே வெடித்தார்.

“நீ பாட்டுக்குப் பத்து நாள், எட்டு நாள்னு சொல்லி வர்றவன் எல்லாத்தையும் தாட்டி உடற. நா இங்க ஈ ஓட்டிட்டு உக்காந்திருக்கறதா? ஊரே நாளைக்குன்னுதான் சொல்லுது. நீ ஒருத்தி சொல்லாம உட்டா ஊரு திருந்திருமா?”

“ஊரப் பத்தி இல்லீங்க. வெளிய ஆண்டவரு பேரு எழுதியிருக்குது. வேணும்னா போர்டை இறக்கிருவோம். உங்க பேரையே வெச்சுக்கலாம், தாவீது மோட்டார் ஒர்க்ஸ்னு.”

“என்ற பேரப் போட்டா மட்டும் பொய் சொல்லலாமாக்கும்?”

கோபத்தில் கேட்டதுதான். கேட்ட பிறகு தாவீது தான் சொன்னதையே நினைத்துக்கொண்டிருப்பவர்போல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். போர்டு இறங்கவில்லை. அந்தப் பேச்சும் அதோடு நின்றது.

செப்டம்பரில் சபையின் போர்வெல் மோட்டார் எரிந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். வெளியூரிலிருந்து ஐந்நூறு பேருக்கு மேல் வருவார்கள், சாப்பாடும் அங்கேயேதான். திங்கள்கிழமை காலையில் சபைக் கமிட்டிச் செயலாளர் ஞானசிகாமணி மோட்டாரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர். எப்சிபாவின் கல்யாணத்துக்கு வந்தவர். அவர் மேல் அவளுக்கு மரியாதை உண்டு.

“ஸ்தோத்திரம் எப்சிபா. புதன்கிழமை வேணும்மா.”

அதற்கு முன்னால் வரிசையில் மூன்று மோட்டார்கள் இருந்தன. மேசையில் இருந்தது இருகூர் சென்னியம்மாளுடையது. கணவர் இல்லாமல் பன்னிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிற அம்மா அவர். பக்கத்துக் கிணற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து அத்தனை மாட்டுக்கும் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் புதன்கிழமை என்று எப்சிபா சொல்லியிருந்தாள். மற்ற இரண்டுக்கும் நாள் சொல்லியாகிவிட்டது.

“சனிக்கிழமை பொழுதோடதானுங்கையா முடியும்.”

“சனிக்கிழமையா? கூட்டமே வெள்ளிக்கிழமைம்மா. இத முன்னால தள்ளு. மத்தவங்ககிட்ட ரெண்டு நாள் தள்ளிச் சொல்லிக்க.”

“புதன்கிழமை அந்தம்மாவுக்குன்னு சொல்லிட்டேனுங்கையா. அவங்க தண்ணி சுமந்துட்டு இருக்கறாங்க.”

“இது ஆண்டவருடைய காரியம் எப்சிபா. அவருடைய வேலையைப் பின்னால வெச்சுட்டு, மாட்டுக்காரம்மா வேலையை முன்னால வெப்பியா? பெண்கள் சங்கச் செயலாளர் வேற நீ.”

பதில் எப்சிபாவிடம் இருந்தது. ஆனால் அவரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. அப்போது உள்ளேயிருந்து, கம்பி சுற்றுவதை நிறுத்தாமலேயே தாவீது பேசினார்.

“ஐயா, அந்தம்மாவுக்கு ஆண்டவரைத் தெரியாதுங்க. இந்தக் கடை போர்டைத்தான் தெரியும். புதன்கிழமைன்னு இங்க சொல்லியிருக்குது. நம்முளுது சனிக்கிழமைங்கையா.”

எப்சிபா திரும்பிப் பார்த்தாள். தாவீது தலையை நிமிர்த்தவில்லை. கை வேலையில் இருந்தது.

ஞானசிகாமணி “சரி, உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டு மோட்டாரை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். எப்சிபா வெளியே போய், “ஐயா, அடுத்த தெருவுல சிக்கந்தர்னு ஒருத்தர் இருக்கறாருங்க. அவர்கிட்டக் கேட்டுப் பாருங்க. நா வேணா போன் பண்ணிச் சொல்றேன்” என்றாள். அவர் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ மட்டும் அடுத்த தெருவுக்குத்தான் திரும்பியது.

சிக்கந்தர் அந்த மோட்டாரை வியாழக்கிழமை இரவு முடித்து, வெள்ளிக்கிழமை விடிந்ததும் தானே கொண்டுபோய் இறக்கிக் கொடுத்தார். கன்வென்ஷன் நன்றாக நடந்தது. நன்றி சொல்லும்போது, ஓர் இஸ்லாமியச் சகோதரர் சமயத்தில் உதவினார் என்று மேடையில் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எப்சிபாவும் கைதட்டினாள். யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அடுத்த ஜனவரியில் பெண்கள் சங்கத்துக்கு வேறொருவரைச் செயலாளர் ஆக்கினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு மாதம்வரை அது உறுத்திக்கொண்டிருந்தது என்று பிறகு மகளிடம் சொல்லியிருக்கிறாள்.

கன்வென்ஷனுக்கு முந்தைய அந்தப் புதன்கிழமை மாலை சென்னியம்மாள் மோட்டாரை எடுக்க வந்தபோது அது கட்டி வைக்கப்பட்டு வாசலில் தயாராக இருந்தது. அவர் அதையே சந்தேகமாகப் பார்த்தார்.

“புதன்கெழமைன்னா புதன்கெழமையேங்களா?”

“ஆமாங்க.”

“நா நாளைக்கோ நாளனைக்கோ ஆகும்னு நெனச்சு, தண்ணி சொமக்கறதுக்கு ஆளுக்குச் சொல்லி வெச்சிருந்தேனுங்க.” போனை எடுத்து, ஆள் வேண்டாம் என்று சொன்னார். உடனே மோட்டாரை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவருக்கு நேரமில்லை, பால் கறக்கப் போக வேண்டும்.

இப்போது எப்சிபாவுக்கு ஐம்பத்து நாலு வயது. வேலை முன்பு இருந்த அளவுக்குத் திரும்பவில்லை. முக்கால் பங்கு இருக்கும். விட்டுப்போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை. புதிதாக வந்தவர்கள் தேதியைக் குறித்துக்கொண்டு போகிறார்கள்; நடுவில் போன் செய்வதில்லை. அதனால் கடையில் முன்பிருந்த கூச்சல் இல்லை. தாவீது ராத்திரி கண் விழித்துக் கம்பி சுற்றுவதில்லை. கர்த்தர் கிருபையில் என்ற சொல் வெகுநாள் கழித்து அவள் பேச்சில் மறுபடி வரத் தொடங்கியது, யாராவது நலம் விசாரித்தால் மட்டும்.

அவள் முழுக்கத் திருந்திவிட்டாள் என்று சொல்ல முடியாது. போன நவம்பரில் ஆர்.எஸ்.புரத்திலிருந்து தீபக் என்பவர் போன் செய்தார். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர், இளைஞர். அவர்கள் மோட்டாரை வெள்ளிக்கிழமை தருவதாக எப்சிபா சொல்லியிருந்தாள். நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை, ஆளாளுக்கு அவரைப் பிடித்துத் திட்டுகிறார்கள். அவளிடம் அவர் எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

“வேலையாவது நடக்குதாங்க? இல்ல அப்படியே கெடக்குதா?”

“பாதி முடிஞ்சுதுங்க” என்று எப்சிபா சொல்லிவிட்டாள். வாய் பழக்கத்தில் தானாக வந்தது. தீபக் கொஞ்சம் அடங்கி, சரி என்று வைத்துவிட்டார்.

மோட்டார் பிரிக்கப்படாமல் கிடந்தது. எப்சிபா அதைப் பார்த்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். நோட்டில் எதையோ எழுதினாள். சொன்ன நாளில் எப்படியும் கொடுத்துவிடப் போகிறோம், அதற்குள் யாருக்கு என்ன கெட்டுப்போகிறது என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து அதே எண்ணுக்குப் போன் செய்தாள்.

“ஏனுங்க, இம்மானுவேல்ல இருந்து பேசறேனுங்க. இப்ப உங்ககிட்டச் சொன்னது பொய்யுங்க. இன்னும் பிரிக்கவே இல்ல. நாளைக்குக் காலைலதான் கை வெப்பாங்க. சொன்ன மாதிரி வெள்ளிக்கிழமை கெடைச்சிருமுங்க.”

தீபக் இந்த முறை கத்தவில்லை.

“இதச் சொல்றதுக்காக்கா கூப்பிட்டீங்க?”

“ஆமாங்க.”

“சரிங்க்கா.” தீபக் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. “வெள்ளிக்கிழமை எத்தன மணிக்குன்னு சொல்லுங்க, வண்டி அனுப்பறேன்.”

எப்சிபா உள்ளே திரும்பி, எத்தனை மணிக்கு என்று தாவீதைக் கேட்டாள். அவர் மோட்டாரையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூன்று மணி என்றார். கரண்ட் போனால் வீணாகும் நேரத்தையும் சேர்த்து, அவள் நாலு மணி என்று போனில் சொன்னாள்.